மூன்று தட்டினால் நிறுத்து

கயிறு கட்டி இழுத்து வந்த ஜீப்பின் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஆள் இல்லை.

அதை முதலில் கவனித்தவள் ஒர்க்ஷாப் மெக்கானிக்கின் மனைவிதான். இழுத்து வந்த லாரி, ஒர்க்ஷாப் வாசலில் மூச்சுவாங்கி நின்றது. லாரி டிரைவர் இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சோம்பல் முறித்தார். பின்னால் வந்த ஜீப்பிலிருந்தும் யாராவது இறங்குவார்கள் என்று அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். யாரும் இறங்கவில்லை. கல்குவாரியிலிருந்து இங்கே ஏறிவரும் மலைப்பாதை முழுக்க வளைவுதான். இழுபட்டு வரும் வண்டியில் ஒருவர் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டே வரவேண்டும். இல்லாவிட்டால் முதல் வளைவிலேயே அது பாறையில் முட்டிக்கொண்டு நிற்கும். இந்த ஜீப்போ ஒரு கீறல்கூட இல்லாமல், சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி வாசலுக்கு நேராக வந்து நின்றிருந்தது.

லாரி டிரைவரும் எட்டிப் பார்த்துத் திகைத்தார். குவாரியின் பழைய டிரைவர் ஒருவரைத் தான் கண்ணெதிரே ஏற்றி உட்காரவைத்ததாகச் சொன்னார். உடனே அந்த ஆளுக்குப் போன் போட்டார். பேசி முடித்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. அந்த ஆள் குவாரி கேட்டைத் தாண்டியதுமே, லாரி ஊர்ந்து ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், குதித்து இறங்கி வீட்டுக்குப் போய்விட்டாராம்.

"ஏன்டான்னு கேட்டா, நான் திருப்பல, அதுவே திரும்பிக்குது, எனக்கு அங்க என்ன வேலைன்னு கேக்குறான்," என்றார் லாரி டிரைவர்.

அவள் அதைத் தன் புருஷனுக்கு நேராகத் திரும்பி, உதடு தெரியும்படி, இன்னொரு முறை சொன்னாள். அவன் சிரித்தான். முன் ஆக்சிலின் சாய்மானம் சரியாக இருந்தால் இழுக்கிற பக்கம் சக்கரம் தானாகவே திரும்பும் என்றும், தள்ளுவண்டிச் சக்கரம் திரும்பவில்லையா என்றும், ஒரு டிரைவருக்கு இதுகூடத் தெரியாதா என்றும் கையை ஆட்டி ஆட்டி விளக்கினான். லாரி டிரைவர் தலையை ஆட்டினார். ஆனால் கயிற்றை அவிழ்க்கும்போது ஜீப்பின் பம்பரில் கை படாமல் பார்த்துக்கொண்டார்.

சொன்னதையே அவள் இன்னொரு முறை சொன்னதற்குக் காரணம் இருந்தது. அந்தப் பக்கத்தில் அவனுக்குக் 'காது' என்றுதான் பெயர். காதிடம் கொண்டுபோ, காது கண்டுபிடித்துவிடும் என்பார்கள். பானெட்டைத் திறக்காமலே, வண்டி வாசலில் திரும்பும் சத்தத்தை வைத்து எந்த பேரிங் போயிற்று என்று சொல்லிவிடுவான் என்று அவனைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். பாதி உண்மை, பாதி அளப்பு. ஆனால் அந்த உண்மைப் பாதியும் இப்போது போய்விட்டது. சுத்தியலும் கிரைண்டரும் வருஷக்கணக்கில் அரித்து அரித்து அவன் காதைத் தின்றுவிட்டிருந்தன. முகத்தைப் பார்த்துச் சத்தமாகப் பேசினால் அவனுக்குப் பாதி புரியும். முதுகுக்குப் பின்னால் இடி விழுந்தாலும் தெரியாது. இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. டாக்டர் காது மெஷின் வைக்கச் சொன்னபோது, வேறு யாருக்கோ சொல்கிறார் என்பதுபோல ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதனால் சில வருஷங்களாக இந்த ஒர்க்ஷாப்பின் காது அவள்தான். ஓட்டிப் பார்க்கப் போகும்போது அவளும் பக்கத்தில் ஏறிக்கொள்வாள். "இடது பக்கம், பிரேக் பிடிக்கறப்ப மட்டும், கரகரன்னு," என்று அவன் கண்ணைப் பார்த்துச் சொல்வாள். அவன் திரும்பி வந்து வண்டிக்காரரிடம் அதையே தன் காதால் கேட்டதுபோலச் சொல்வான். அவளுக்கு அதில் வருத்தமில்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்தது, வெளியே சொல்லிக்கொள்ள முடியாத பெருமை.

ஸ்டீயரிங் வேலைக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டவேண்டும். இன்னொருவர் அடியில் படுத்து ஒவ்வொரு இணைப்பிலும் கை வைத்துப் பார்க்கவேண்டும். எந்த இடத்தில் ஒரு பாகம் அசைந்தும் அடுத்தது அசையாமல் நிற்கிறதோ அங்கேதான் ஆட்டம். கேட்கிற காலத்தில் வாயால் சொல்லிக்கொண்டார்கள். பிறகு தட்டுக்கு மாறினார்கள். அவன் அடியிலிருந்து ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டினால் இடது. இரண்டு தட்டினால் வலது. மூன்று தட்டினால் நிறுத்து. அவளுக்கு ஏதாவது சொல்லவேண்டியிருந்தால் தரைத் தகட்டைக் குதிகாலால் மிதிப்பாள். கீழே இரும்பில் கை வைத்திருக்கும் அவனுக்கு அந்த அதிர்வு தெரியும். நான்கு மிதி மிதித்தால் சாப்பிட வா என்று அர்த்தம். அதற்கு அவன் ஸ்பேனரை ஆக்சிலின் மேல் நீளமாக ஒருமுறை இழுப்பான், கிரீச்சென்று. வருகிறேன் என்பதை அப்படித்தான் சொல்வான்.

ஜீப்பின் கோளாறு இரண்டு. ஸ்டீயரிங்கைக் கால்வட்டம் திருப்பினாலும் சக்கரம் அசைவதில்லை, அவ்வளவு ஆட்டம். ஓடும்போது முன்பக்கத்தில் டொக் டொக்கென்று ஒரு சத்தம். இரண்டும் சேர்ந்து வரும் சாதாரண நோய்தான் என்று அவன் சட்டையைக் கழற்றிவிட்டு அடியில் நுழைந்தான்.

முதலில் சக்கரங்களை ஸ்டீயரிங்கோடு இணைக்கும் டை ராடு கம்பியின் முனைகளை மாற்றினான். பழையவை தேய்ந்துதான் இருந்தன. மாற்றி முடித்து அவள் ஸ்டீயரிங்கை ஆட்டினால் அதே கால்வட்டம். ஸ்பிரிங் பட்டையின் புஷ்களை மாற்றினான், யூ போல்ட்டுகளை இறுக்கினான், ஹப் பேரிங்கைக் கழற்றிக் கழுவி கிரீஸ் வைத்துப் போட்டான். கிங் பின்னைச் சோதித்தான். ஸ்டீயரிங் பாக்ஸ் ஃபிரேமில் உட்காரும் இடத்தில் வெல்டிங் விட்டிருக்கிறதா என்று டார்ச் அடித்து, விரலால் தடவி, நாக்கால் நக்காத குறையாகப் பார்த்தான். ஒவ்வொன்றிலும் சின்னச் சின்னக் குறை இருந்தது. ஒவ்வொன்றையும் சரிசெய்தான். ஆட்டம் ஒரு நூல்கூடக் குறையவில்லை. கடைசியில், மாற்ற இனி என்ன இருக்கிறது என்பதுபோல, நடுவில் நின்று வண்டியையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குவாரி மேனேஜர் போன் செய்துகொண்டே இருந்தார். அவள்தான் எடுத்துப் பேசினாள். காதுக்கே பிடிபடவில்லையா என்று அவர் கிண்டலாகக் கேட்டதை அவள் புருஷனிடம் சொல்லவில்லை. ஆனால் அவனுக்கு அது தெரிந்தே இருந்தது. இந்தச் சத்தத்தைக் கண்டுபிடிக்காமல் வண்டியைத் திருப்பி அனுப்பினால், காது போய்விட்டது என்று நாளைக்கே குவாரி முழுக்கப் பேச்சாகிவிடும். வரும் வண்டிகள் எல்லாம் அந்தப் பேருக்காகத்தான் வருகின்றன. ராத்திரி சாப்பிடும்போது அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே மென்றான்.

மறுநாள் ஓட்டிப் பார்க்கப் போனார்கள். மழை விட்டு மூடுபனி இறங்கியிருந்தது. அவன் மெதுவாக ஓட்டினான். அவள் ஜன்னலை இறக்கி, தலையை வெளியே சாய்த்து, ஈரக்காற்றில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். டயர் சேற்றில் ஒட்டிப் பிரியும் சத்தம், பட்டை முனகும் சத்தம், வைப்பர் கண்ணாடியைத் தேய்க்கும் சத்தம். எல்லாவற்றுக்கும் கீழே அது.

டொக்.

வண்டி இடது பக்கம் ஒரு வளைவில் திரும்பியது. கொஞ்ச தூரம் நேர்ப்பாதை. டொக் டொக். மூடுபனியிலிருந்து வலது வளைவு வந்தது.

அவள் கண்ணைத் திறந்தாள். வளைவில் பாரம் சாயும்போது சத்தம் வருவது இயல்புதான். ஆனால் இது வளைவு வருவதற்கு முன்னாலேயே வந்தது. அதுவும் வந்த நாளில் கேட்டதுபோல இல்லை. வந்த நாளில் இது பல் கிடுகிடுப்பதைப்போல ஒழுங்கில்லாத சத்தம். அவள் தன் காதால் கேட்டிருக்கிறாள். இத்தனை நாள் அவன் தட்ட, இவள் திருப்ப, ஒன்றுக்கு இடது, இரண்டுக்கு வலது என்று இந்த இரும்பின் மேலேயே மறுபடி மறுபடி செய்துகொண்டிருந்தார்கள். இப்போது அது ஒழுங்காகத் தட்டுகிறது.

இப்படி நினைத்ததற்கு அவளுக்கே வெட்கமாக இருந்தது. எந்தப் பக்கம் என்று அவன் கேட்டான். முன்னாடிதான், சரியாகத் தெரியவில்லை என்றாள்.

திரும்பி வரும் வழியில் பாதை மலையின் விளிம்பை ஒட்டி நேராகப் போகும். இடது பக்கம் ஒன்றும் கிடையாது. மூடுபனி மட்டும்தான், அதற்குக் கீழே வெகு ஆழத்தில் ஓடைச் சத்தம். அங்கே வளைவே இல்லை.

டொக்.

ஸ்டீயரிங் அவன் கையில் வெடுக்கென்று இடது பக்கம் இழுத்தது. அவன் பல்லைக் கடித்து வலது பக்கம் ஒடித்தான். சக்கரம் விளிம்புச் சரளையில் உரசி, கல் ஒன்று கீழே போயிற்று. அது விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்கவே இல்லை.

"பாத்தியா, எவ்வளவு ஆட்டம்," என்றான் அவன். நெற்றியெல்லாம் வியர்வை. அதைத் துடைத்துக்கொண்டு, ஸ்டீயரிங் பாக்ஸைத்தான் இறக்கவேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

பொழுது சாயும்போது ஜீப்பை உள்ளே ஏற்றினான். பாக்ஸை இறக்குவதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை அடியிலிருந்து பார்த்துவிடலாம் என்றான். முன்பக்கத்தை ட்ராலி ஜாக்கியில் தூக்கி, இரண்டு முன் சக்கரங்களையும் கழற்றிச் சுவரில் சாய்த்தான். ஜாக்கி வழுக்கினால் தாங்குவதற்காக ஃபிரேமுக்குக் கீழே, இரண்டு பக்கமும், கனமான கட்டைகளை அடுக்கினான். அந்த விஷயத்தில் அவன் எப்போதும் கண்ணும் கருத்துமாக இருப்பான். ஜாக்கியை நம்பி அடியில் படுக்கிறவன் மெக்கானிக் இல்லை என்பான். சாவியை எடுத்து அவளிடம் கொடுத்தான். பிறகு சக்கரப் பலகையில் மல்லாந்து படுத்து, காலால் உந்தி உள்ளே போய்விட்டான்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். கதவை மூடினாள். மண்ணெண்ணெய் வாடை, எரிந்த கிரீஸ் வாடை. அதற்கும் அடியில் வேறு ஏதோ ஒன்று. புதிதாகத் தோண்டிய குழிக்குள் குனிந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த ஈரம். வெளியே மூடுபனி ஷட்டர்வரை வந்துவிட்டிருந்தது.

ஒரு தட்டு. இடது பக்கம் திருப்பினாள். இரண்டு தட்டு. வலது. சக்கரம் இல்லாததால் கீழே அவன் கைதான் பாரம். அவன் டை ராடைப் பிடித்து எதிர்த்து இழுப்பது அவள் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தது. இத்தனை வருஷத்தில் அந்தப் பிடி அவளுக்கு மனப்பாடம். சில சமயம் வேண்டுமென்றே விடாமல் பிடித்து விளையாடுவான். அவள் மேலே சிரிப்பாள். இன்று பிடி உறுதியாக இருந்தது. ஒன்று. இரண்டு. ஒன்று. இரண்டு. கொஞ்சம் வேகமாக. அவள் கை வலித்தது. என்ன அவசரம் என்று நினைத்துக்கொண்டே திருப்பினாள்.

அப்போது பக்கத்து அறைக் கதவைத் திறந்துகொண்டு அவன் வந்தான்.

கையில் பெரிய ஸ்பேனர். தோளில் துணி. மறுபக்கமாக வெளியே வந்து ஸ்பேனர் தேடப் போயிருந்தான், அவள் பார்க்கவில்லை. அவளைப் பார்த்து, என்ன தனியாக ஓட்டிக்கொண்டிருக்கிறாய் என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினான்.

கீழே, இரண்டு தட்டு.

ஸ்டீயரிங்கில் அந்தப் பிடி இன்னும் இருந்தது. வலது பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. அவள் கையை உதறி எடுத்து, கதவைத் தள்ளி இறங்கி ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். நீங்கள் அறைக்குள் இருக்கும்போது அடியில் யாரோ தட்டினார்கள், ராடைப் பிடித்து இழுத்தார்கள் என்று சொன்னாள். அவன் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தான். அடியில் பலகை மட்டும் கிடந்தது. அவன் அவள் தலையில் கை வைத்தான். தூக்கிவைத்த வண்டியில் பட்டை இறங்கும், இரும்பு குளிரும், சத்தம் வரத்தான் செய்யும் என்றான். பயந்துவிட்டாய், போய் ஒரு வாய் தண்ணீர் குடி என்றான். அவன் குரலில் இருந்த பிரியம்தான் அவளை என்னவோ செய்தது. அவன் பலகையை இழுத்து மறுபடி படுக்கப் போனான்.

"போகாதீங்க. அதுக்குள்ள போகாதீங்க. திருப்பி அனுப்பிடலாம்."

"எனக்குக் கேக்காத சத்தமா உனக்குக் கேட்டுடுச்சு?" என்றான் அவன், பாதி விளையாட்டாக.

அவள் வாயிலிருந்து அது வந்துவிட்டது. இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்தது.

"உங்களுக்கு எதுவுமே கேக்காது. உங்க காது போயிடுச்சுங்க. யாருக்கும் தெரியாது, ஆனா எனக்குத் தெரியும்."

அவன் அவள் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி வார்த்தை முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் பார்த்தான். அவன் முகம் சுருங்குவதை அவள் கண்ணால் பார்த்தாள். நாக்கைக் கடித்துத் துப்பிவிடலாம்போல இருந்தது அவளுக்கு.

"அப்ப நீயே கேட்டுச் சொல்லு," என்றான் மெதுவாக. "நான் கையால பாத்துக்கிறேன்."

பலகையில் படுத்து உள்ளே போனான். ரோஷத்தில் போனான். அவளுக்கு அது தெரிந்தது. தன்னால்தான் போகிறான் என்பதும் தெரிந்தது.

அவள் மறுபடி ஏறி உட்கார்ந்தாள். அவனிடம் பேச அந்தத் தரைத்தகடு ஒன்றுதான் இருக்கிறது என்பதற்காக மட்டும். ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒரு தட்டு.

அவள் அசையவில்லை.

ஒரு தட்டு. ஸ்டீயரிங் தானாக இடது பக்கம் திரும்பியது. மெதுவாக. கால்வட்ட ஆட்டம் இல்லாமல், சுத்தமாக. அவனே கீழிருந்து தள்ளுகிறானாக இருக்கும். இருக்கலாம். அவள் குதிகாலால் மூன்று முறை மிதித்தாள். நிறுத்து. வெளியே வா.

கீழிருந்து மூன்று தட்டு வந்தது. சரி.

காத்திருந்தாள். பலகை உருளும் சத்தம் இல்லை. ஷட்டருக்கு வெளியே தண்ணீர் சொட்டியது. அவள் மறுபடி மூன்று மிதித்தாள். மறுபடி மூன்று தட்டு. அவள் மிதித்ததுபோலவே. அதே இடைவெளி. அவளையே திருப்பிச் சொல்வதுபோல.

"என்னங்க!"

யாரைக் கூப்பிடுகிறாள்? காது கேட்காதவனை. தொண்டை கிழியக் கத்தினாலும் இந்த இரும்புக்கு மட்டும்தான் கேட்கும்.

அப்போதுதான் நான்கு மிதி நினைவுக்கு வந்தது. இந்த வண்டி வந்ததிலிருந்து அதை ஒருமுறைகூட மிதிக்கவில்லை; சாப்பிடக் கூப்பிடவேண்டிய நேரத்தில் எல்லாம் அவன் வண்டியை முறைத்துக்கொண்டு எதிரிலேயே நின்றான். அடியில் இருப்பது எதுவாக இருந்தாலும் அதற்கு இது தெரியாது. அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

மிதித்தாள். நான்கு.

ஒன்றும் இல்லை.

பிறகு ஸ்பேனர் ஆக்சிலின் மேல் நீளமாக இழுபட்டது. கிரீச். அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவன்தான். நல்லபடியாக இருக்கிறான்.

கிரீச்.

இரண்டாவது முறை. இது ஆக்சிலிலிருந்து வரவில்லை. அவள் முழங்கால்களுக்கு நடுவே, ஸ்டீயரிங் தண்டுக்குள்ளிருந்து.

அவள் கதவைத் திறந்து விழுந்தடித்து இறங்கினாள். அதே நேரத்தில் பலகை உருண்டு வெளியே வந்தது. அவன் அதன்மேல் படுத்திருந்தான். எழுந்தான். சட்டையில்லாத மார்பில் கிரீஸ், தலைமுடியில் மண். அவனைப் பார்த்ததும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போதும், கோபித்துக்கொள்ளட்டும், வாழ்நாள் முழுக்கப் பேசாமல் இருக்கட்டும், வெளியே வந்துவிட்டான், அது போதும்.

அவன் குனிந்து, ஃபிரேமுக்குக் கீழே இருந்த கட்டைகளை உருவத் தொடங்கினான். ஒவ்வொன்றாக எடுத்து, சுவரோரம் கொண்டுபோய், அழகாக அடுக்கினான். இந்தப் பக்கம் முடிந்து அந்தப் பக்கம் போனான். இப்போது வண்டி ஜாக்கியின் மேல் மட்டும் நின்றது. சக்கரங்கள் இன்னும் சுவரில் சாய்ந்திருந்தன. சக்கரத்தை மாட்டாமல் கட்டையை எடுக்கமாட்டானே என்று அவள் நினைத்தாள். களைப்பு. கோபம். அவன் அவளுக்கு முதுகைக் காட்டி நின்று கடைசிக் கட்டையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"செத்தாலும் இனிமே இந்த வண்டியில ஏற மாட்டேன்," என்று அவள் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள். அவளுக்கே கேட்காத அளவு மெதுவாக.

"ஏற வேண்டாம்," என்றான் அவன், திரும்பாமல். "வேலை முடிஞ்சுது."

அவள் அப்படியே நின்றாள்.

மூச்சுவிடும் அளவு சத்தத்தில், உதட்டைக்கூட அசைக்காமல் சொன்னாள். "என்னங்க."

"சொல்லு."

"கேக்குதா?"

அவன் கட்டையை வைத்தான். தலையைக் கொஞ்சம் சாய்த்தான், தூரத்தில் ஏதோ பாட்டுக் கேட்பவனைப்போல. அவன் தோள்கள் சந்தோஷத்தில் தளர்ந்தன.

"நல்லா கேக்குது," என்றான். "எல்லாமே கேக்குது."

ஜீப்பின் அடியில் தட்டு.

மூன்று. இடைவெளி. மூன்று. இரும்பில் இல்லை. தரையில். உள்ளங்கையால் அடிக்கும் சத்தம். நிறுத்து. நிறுத்து. நிறுத்து.

அவன் ஜாக்கியின் நீளக் கைப்பிடியை நோக்கி நடந்தான். அவசரமே இல்லை. வேலை முடிந்தவன் நடை.

அவள் தரையில் விழுந்தாள். முழங்கால் சிராய்த்தது. டார்ச்சைத் தேட நேரமில்லை. தோள்வரை கையை அந்த இருட்டுக்குள் நீட்டித் துழாவினாள். ஈர மண். உடைந்த கிரீஸ் டப்பா. பிறகு விரல்கள். சூடான விரல்கள். அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டன. கட்டைவிரலின் குறுக்கே தழும்பு. கல்யாணமான புதிதில் ஃபேன் பெல்ட் வெட்டியது, அவள் கட்டுப்போட்டது. அந்தப் பிடி அவளுக்குத் தெரியும். மனப்பாடமாகத் தெரியும். அது அவள் உள்ளங்கையைத் திருப்பி, அதில் விரலால் தட்டியது. மூன்று.

"இறக்காதீங்க! அடியில ஆள் இருக்கு, இறக்காதீங்க!"

"கத்தாத," என்றான் பின்னால் நின்றவன், அவள் புருஷனின் குரலில். "எனக்குக் கேக்குது."

கைப்பிடி திரும்பியது. ஜாக்கியில் எண்ணெய் இறங்கும் சத்தம், நீளமாக, மூச்சு விடுவதுபோல. அவள் அந்தக் கையைப் பிடித்து முழுப் பலத்தோடு இழுத்தாள். அது வரவில்லை. இரும்பின் குளிர் அவள் தோளின் மேல் மெதுவாக இறங்கியது. விட்டுவிட்டுத் தன் கையையாவது வெளியே எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு கணம் பிடியைத் தளர்த்தினாள்.

அந்தக் கை விடவில்லை. அவள் உள்ளங்கையில் மறுபடி தட்டியது. இம்முறை மூன்று இல்லை. நான்கு.